பல்லைப் பிடுங்கியும் தாடை வீக்கம் வற்றவில்லையா?



"ஏம்மா, உன் கன்னம் ஒரு பக்கம் ஊதினாப்ல இருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க, கடைவாய்ப் பல்லு சொத்தை. புடுங்கிட்டா சரியாப் போயிடும்."

லால்பேட்டை வட்டாரத்தில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுத்தான் இது. பெரும்பாலும் பல்லோடு போய்விடும். போகாவிட்டால்?

குழந்தை தாயின் வயிற்றில் ஆறு வாரமாக இருக்கும்போதே பல்லை உண்டாக்கும் திசு தோன்றிவிடுகிறது. பற்கள் உருவான பின்பும் அதன் துணுக்குகள் தாடைக்குள் தங்கியிருக்கும். அவற்றால் கெடுதல் இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு அது கட்டியாக வளர்கிறது. அவ்வகையில் ஒன்று 'அமெலோபிளாஸ்டோமா'. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கம், வலியில்லாமல் மெல்ல வளரும். புற்றுநோய் அல்ல; ஆனாலும் எலும்பை அரிக்கும், அரைகுறையாகச் சுரண்டி எடுத்தால் திரும்ப வரும். அதைவிட அபூர்வமாக, இதே திசுவிலிருந்து புற்றுநோயும் உண்டாகலாம். அது வேகமாக வளர்ந்து நுரையீரலுக்கும் பரவக்கூடும்.

"நான் வெற்றிலை புகையிலையே போடுறதில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். இது எலும்புக்குள் தோன்றுவது. புகையிலை தொடாதவருக்கும் வரலாம். ஒட்டுவாரொட்டியும் அல்ல.

கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வீக்கம்.
2. சொத்தை இல்லாமலே பல் ஆடுதல், இடம் விலகுதல்.
3. கீழுதடு, முகவாய் மரத்துப்போதல்.
4. பல் பிடுங்கிய குழி ஆறாதிருத்தல்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பற்றுப் போட்டு நாளைக் கடத்த வேண்டாம். சிதம்பரம் அண்ணாமலைநகரில், 1980-ல் தொடங்கிய இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக இயங்குகிறது. அங்கே சென்று காட்டுங்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பது வீண் பயம். சோதிக்காமல் என்ன கட்டி என்று தெரியாது.

சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் சிறிது சேர்த்து அறுவை செய்து எடுப்பதே முக்கிய சிகிச்சை. தாடை குறைந்த இடத்தில் கால் எலும்பை எடுத்துப் பொருத்தவும் முடியும். பின்பு பல ஆண்டுகள் தவறாமல் காட்டிவர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

தாய்மார்கள் தம் உபாதையை அடுப்படியிலேயே மறைத்துவிடுவார்கள். ஆகவே கணவன்மார்களே, மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துக் கேளுங்கள். வலி இல்லை என்றாலும் வீக்கம் இருந்தால் அழைத்துச் செல்லுங்கள்.