உங்களுக்குத் தெரியுமா? தினமும் இரவு 8 மணிக்கு ஓர் அஞ்சலி

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் என்றொரு பெரிய நினைவு வளைவு இருக்கிறது. தினமும் இரவு 8 மணிக்கு அதன் கீழே போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சாலை நடுவே நின்று, மறைந்த வீரர்களுக்கான ‘லாஸ்ட் போஸ்ட்’ இசையை ஊதுவார்கள். 1928இல் தொடங்கிய வழக்கம் இது. எக்காளம் ஊதுவது ராணுவம் அல்ல, உள்ளூர் மக்கள்; ஊர்த் தீயணைப்புப் படையினர் வழிவழியாகச் சுமந்துவரும் கடமை. யாரும் கைதட்டுவதில்லை.

வளைவின் சுவர்களில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள். முதல் உலகப் போரில் அப்பகுதியில் மடிந்து, கல்லறைகூட வாய்க்காமல் போனவர்கள். அந்த வயல்களில் இன்றும் எலும்புகள் கிடைக்கின்றன. யாருடையவை என்று உறுதியானால், உரிய மரியாதையுடன் அடக்கம் செய்கிறார்கள். பிறகு அந்தப் பெயர் சுவரிலிருந்து எடுக்கப்படும். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் அல்லவா!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்த பிறகு அங்கே இசை நின்றது. இங்கிலாந்தின் புரூக்வுட் ராணுவக் கல்லறையில் தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஈப்பரை மீட்டது. நகரின் சில பகுதிகளில் சண்டை ஓயும் முன்பே, அன்று மாலையே வளைவின் கீழ் எக்காளம் ஒலித்தது. இதைவிட உறுதியான நன்றிக்கடன் இருக்க முடியாது.

அந்தச் சுவர்களில் நூற்றுக்கணக்கான இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. 1914 அக்டோபரிலேயே அங்கே போர்முனைக்குப் போனவர்கள் நம்மவர்கள். பள்ளிப் பாடங்களில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு, அது சரியல்ல.

ஐரோப்பா செல்பவர்கள் ஒரு மாலையை ஈப்பருக்கு ஒதுக்குங்கள். கட்டணம் கிடையாது.