சேலத்துச் சமவெளியில் காலிபிளவர் கட்டுவது எப்படி?

காலிபிளவரில் நாம் தின்பது மலர்ந்த பூ அல்ல. மொட்டாகும் முன்பே நின்று, கிளைத்துக் கிளைத்துப் பெருத்த குருத்து. இலை விடுவதை நிறுத்திப் பூக்கட்டச் சொல்வது குளிர். அது போதாவிட்டால் செடி இலையாகவே வளரும். கட்டிய பூவுக்குள்ளும் பச்சை இலை எட்டிப் பார்க்கும்.

அந்தக் குளிர் மலைமேலுள்ள ஏற்காட்டில் உண்டு: சேலத்தைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரம். ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. கீழே சேலம், நாமக்கல் பக்கம் மார்கழியிலும் பகல் வெயில் 30 டிகிரியைத் தொடும், இரவில் 20-ஐ ஒட்டி இறங்கும். ஐரோப்பிய ‘ஸ்னோபால்’ வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். இங்கே அவை தேறாது.

கைகொடுப்பது இந்திய வகைகள். 1822-இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூருக்கு வந்த விதை, வடக்கத்தி வெக்கையில் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. அதன் முன்பருவ வகைகள் 20 முதல் 27 டிகிரியிலேயே கட்டும். ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டால் பூக்கட்டும் நேரம் கார்த்திகை, மார்கழியில் விழும். தை கடந்து நடுவது, என் கணக்கில், வீண் செலவு.

பூ கோழிமுட்டை அளவானதும் சுற்றிலைகளை மேலே மடக்கி வாழைநாரால் தளரக் கட்டுங்கள். வெயில் நேராகப் பட்டால் வெள்ளை மங்கி மஞ்சளாகும். சந்தையில் விலை இறங்கும்.