கேம்ல ஒரே டேப்... நிஜத்துல? துப்பாக்கியில சப்ரெஸர் மாட்டுறதுக்குப் பின்னாடி இவ்ளோ கணக்கு இருக்கு!

பிஜிஎம்ஐ ஆடுறவரா நீங்க? அப்ப இந்த சீன் உங்களுக்குப் பழக்கம்தான். மாடியில் லூட் எடுக்கிறீங்க. ஏ.ஆர் சப்ரெஸர் கிடைக்குது. ஒரு டேப், எம்416-ல ஏறிடுது. அடுத்த வீட்டில் ஏகேஎம் கிடைச்சா, அதே சப்ரெஸரைக் கழட்டி அதுல மாட்டிக்கிறீங்க. ரெண்டு செகண்டு வேலை.

நிஜத்தில் அப்படி மாட்டவே முடியாது. எம்416 சுடுவது 5.56 எம்.எம் தோட்டா, ஏகேஎம் சுடுவது 7.62 எம்.எம் தோட்டா. சின்ன தோட்டாவுக்குன்னு செஞ்ச சப்ரெஸரின் துளை வழியா பெரிய தோட்டா போகாது. அது உள்ளேயே மோதும், குழாய் பிளந்து சிதறும். சுட்டவரின் கை, முகம், பக்கத்தில் நிக்கிறவர்னு எதுக்கும் உத்தரவாதம் இல்லை.

அதனால சப்ரெஸர் சட்டப்படி கிடைக்கிற அமெரிக்கா மாதிரி நாடுகளில், `எந்த சப்ரெஸர் வாங்கலாம்?' என்ற கேள்விக்கு இணையா இன்னொரு கேள்வியும் கேட்பாங்க. `அதை எதால் மாட்டப் போறீங்க?' இந்த மாட்டும் பாகத்துக்குப் பேர் மவுன்ட். கேம் சொல்லித்தராத அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

முதல்ல, சப்ரெஸர் என்ன செய்யுது?

தோட்டாவைத் தள்ளுவது வெடிமருந்து எரிஞ்சு வரும் வாயு. தோட்டா வெளியேறின அடுத்த நொடி, பின்னாடியே அந்த வாயு பெரும் அழுத்தத்தோட காற்றில் பாயும். `டமார்' சத்தத்தில் பெரும்பங்கு அதுதான். சப்ரெஸர் என்பது உள்ளே அடுக்கடுக்கா தடுப்புகள் கொண்ட ஒரு குழாய். வாயு அந்த அறைகளில் விரிஞ்சு, சூடு குறைஞ்சு, மெதுவா வெளியே வரும். பைக் சைலன்ஸரும் இதே வேலையைத்தான் செய்யுது.

ரெண்டுக்கும் உறவு உண்டு. ஹிராம் பெர்சி மாக்ஸிம் என்ற அமெரிக்கர் 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் கருவிகளையும் அவர் உருவாக்கினார். அவருடைய அப்பா ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம், மெஷின் கன்னைக் கண்டுபிடிச்சவர். அந்தத் துப்பாக்கிச் சத்தத்திலேயே வருஷக்கணக்கா இருந்து காது கேட்காமப் போனவர். அப்பா உருவாக்கின சத்தத்தைக் குறைக்க மகன் வழி கண்டுபிடிச்சார்!

எல்லாம் மரையில இருக்கு

பேரலின் முனையில் திருகு மரை, அதாவது த்ரெட் வெட்டியிருப்பாங்க. பிளம்பர் பைப் வாங்கும்போது அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சான்னு கேட்பார் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். அமெரிக்காவில் 5.56 ரைஃபிள்களில் பரவலா இருப்பது அரை இன்ச் விட்டம், ஒரு இன்ச்சுக்கு 28 மரை. 7.62 அளவு ரைஃபிள்களில் பெரும்பாலும் 5/8 இன்ச், 24 மரை. ஐரோப்பிய 9 எம்.எம் பிஸ்டல்கள் பலவற்றில் 13.5 எம்.எம் விட்டம், அதுவும் இடப்பக்கம் திருகும் மரை. ஏகே ரகத்தில் 14 எம்.எம், அதுவும் இடப்பக்கம்தான்.

அளவு பொருந்தலைன்னா மாட்டவே முடியாது. அதனால ஆபத்தும் இல்லை. பொருந்திட்டாதான் பிரச்னையே!

எப்படின்னு கேக்கறீங்களா? அமெரிக்காவில் 9 எம்.எம் பிஸ்டல்கள் பலவற்றிலும் அதே அரை இன்ச், 28 மரைதான் இருக்கு. அதாவது, சுமார் 5.7 எம்.எம் விட்டமுள்ள ரைஃபிள் தோட்டாவுக்காகச் செஞ்ச சப்ரெஸர், 9 எம்.எம் பிஸ்டல் முனையில் அழகா திருகி உட்காரும். கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சுட்டாதான் தெரியும். அதனால மரை பொருந்துதான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, சப்ரெஸர் மேலே எந்தத் தோட்டாவுக்கானதுன்னு எழுதியிருக்கிறதைப் படிக்கணும். இதுதான் முதல் விதி.

ரைஃபிளுக்கு: நேரா திருகுறதா, லாக் பண்ணுறதா?

ரைஃபிளில் பேரல் அசையாது. அதனால வேலை கொஞ்சம் சுலபம். முக்கியமா ரெண்டு வழி.

ஒன்று, நேரடித் திருகல். சப்ரெஸரை பேரல் மரையிலேயே திருகிவிடுவது. விலை குறைவு, எடை குறைவு, நடுவில் வேற பாகம் இல்லை. ஒரே துப்பாக்கி, நிதானமா குறிபார்த்துச் சுடும் பழக்கம்னா இது போதும். ஆனா சூட்டிலும் அதிர்விலும் மெல்ல மெல்ல லூஸ் ஆகும். அப்பப்போ இறுக்கம் சரிபார்க்கணும். வெறும் கையால் தொட்டீங்கன்னா தோசைக்கல்லைத் தொட்ட கதைதான். சுடச்சுட அந்தக் குழாய் அவ்வளவு சூடாகும்.

ரெண்டாவது, க்விக் டிடாச். பேரல் முனையில் ஒரு ஃபிளாஷ் ஹைடர் அல்லது மஸில் பிரேக்கை நிரந்தரமா இறுக்கிடுவாங்க. சப்ரெஸர் அதன் மேல் உட்கார்ந்து லாக் ஆகும். கழட்டி மாட்ட சில நொடிகள் போதும். மஸில் பிரேக்கா இருந்தா இன்னொரு லாபம்: முதல் வெடிப்பின் அடியை அது வாங்கிக்கும், உள்ளே இருக்கும் தடுப்புகள் சீக்கிரம் தேயாது. பதிலுக்கு எடையும் விலையும் கூடும். கழுவாம விட்டா கரி படிஞ்சு, ஒட்டின பாட்டில் மூடி மாதிரி கழட்ட வராம அடம் பிடிக்கும்.

எந்த வழியா இருந்தாலும் சப்ரெஸர் துளை, பேரல் துளையோட ஒரே நேர்கோட்டில் இருக்கணும். மயிரிழை சாய்வும் நீளமான குழாயின் மறுமுனையில் பெரிசாகிடும். தோட்டா தடுப்பில் உரசும். இதை `பேஃபிள் ஸ்ட்ரைக்'னு சொல்றாங்க. மவுன்ட்டை இறுக்கும்போது நசுங்கும் ரக வாஷர் போடக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். அது ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய நசுங்கும். அதுக்குப் பதிலா சீரான தடிமனுள்ள மெல்லிய ஷிம்களைப் பயன்படுத்துவாங்க. மாட்டின பிறகு, சுடுறதுக்கு முன்னாடி, தோட்டா இல்லாத துப்பாக்கியில் நேரான கம்பி ஒன்றைப் பேரல் வழியா விட்டு, அது மறுமுனைத் துளையின் நடுவில் வருதான்னு பார்ப்பாங்க. நடுவில் இல்லைன்னா சுடக் கூடாது.

பிஸ்டலுக்கு: ஸ்பிரிங் வேணுமா, வேணாமா?

பிஸ்டல் கதையே வேற. இன்றைய 9 எம்.எம் பிஸ்டல்கள் பலவற்றில், ஒவ்வொரு முறை சுடும்போதும் பேரல் கொஞ்சம் பின்னாடி போய், சாயும். அப்போதான் காலித் தோட்டாக்கூடு வெளியேறி அடுத்தது ஏறும். அந்த முனையில் கால் கிலோவுக்கு மேல ஒரு குழாயைத் தொங்கவிட்டா? பேரலால் நகர முடியாது. ஒரு தோட்டாவோட துப்பாக்கி மக்கர் பண்ணும்.

இதுக்குத்தான் பூஸ்டர். நீல்சன் டிவைஸ்னும் சொல்வாங்க. உள்ளே ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும் இருக்கும். சுடும் நொடியில் சப்ரெஸரின் எடையைப் பேரலில் இருந்து கொஞ்ச நேரம் பிரிச்சு வைக்கும். பேரல் தன் வேலையை முடிக்கும். பிஸ்டனை மட்டும் மாத்தினா அமெரிக்க மரை, ஐரோப்பிய மரைன்னு வேற வேற பிஸ்டல்களில் அதே சப்ரெஸரை மாட்டலாம்.

ஆனா பேரல் அசையாத துப்பாக்கிகளும் உண்டு. ஜேம்ஸ் பாண்ட் கையில் பார்த்திருப்பீங்களே வால்தர் பிபிகே, அதுல பேரல் அசையாது. 9 எம்.எம் கார்பைன் ரைஃபிள்கள் பலவும் அப்படித்தான். இவற்றுக்கு பூஸ்டர் தேவையில்லை. தேவையில்லைங்கிறதோட முடியல, ஸ்பிரிங்கோட விட்டா ஒவ்வொரு சுடலுக்கும் பிஸ்டன் அடிச்சு அடிச்சு உள்பாகம் கெடும். அதனால ஸ்பிரிங்கை எடுத்துட்டு, அசையாத ஸ்பேசர் ஒன்றைப் போடுவாங்க. எம்பி5 வகையில் இன்னும் சுலபம். பேரல் முனையில் மூணு காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அமுக்கித் திருப்பினா லாக்.

ஒண்ணு வாங்கி நாலுக்கு மாட்டலாமா?

மவுன்ட் சந்தை இவ்வளவு பெரிசானதுக்கு சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1934-ம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு சப்ரெஸருக்கும் 200 டாலர் வரி, கைரேகை, போட்டோ, பதிவு. வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கிட்டாங்க. ஆனா பதிவு அப்படியே இருக்கு. 42 மாநிலங்களில் பொதுமக்கள் வெச்சுக்கலாம், எட்டில் கூடாது. பல வருஷமா ஒரு சப்ரெஸருக்கு மாசக்கணக்கா காத்திருந்தவங்க, அந்த ஒண்ணையே எல்லா துப்பாக்கிக்கும் பயன்படுத்த நினைச்சது இயல்புதான்.

அதனால வந்ததுதான் `ஹப்' என்ற பொது அளவு. சப்ரெஸரின் பின்பக்கத்தில் 1.375 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. பல நிறுவனங்கள் இதே அளவைப் பின்பற்றுறதால, ஒரு கம்பெனி சப்ரெஸரில் இன்னொரு கம்பெனி மவுன்ட்டைப் போடலாம். சார்ஜருக்கெல்லாம் டைப்-சி வந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா பெரிய தோட்டாவுக்கான சப்ரெஸரை சின்னதுக்குப் போடலாம், சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சின்னதைப் பெரிசுக்குப் போடவே கூடாது. தோட்டா நுழையும் அளவா இருந்தாலும், அந்த அழுத்தத்தைத் தாங்கும்னு தயாரிப்பாளர் சொல்லியிருக்கணும். ஹப் மரை பொருந்துறது இந்த விதிகளை மாத்தாது.

அப்போ சத்தமே வராதா?

வரும் பாஸ்! ரைஃபிள் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். நல்ல சப்ரெஸர் அதுல 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே 130, 140 பக்கம். நம்ம நாட்டில் 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டும் பட்டாசுக்குத் தடை இருக்கு. அப்படின்னா சப்ரெஸர் போட்ட ரைஃபிள் ஏறக்குறைய ஒரு பட்டாசு, அதுவும் காதுக்குப் பக்கத்திலேயே. போதாததுக்கு, ஒலியை விட வேகமாப் போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் `படீர்' சத்தத்தை எந்த சப்ரெஸராலும் நிறுத்த முடியாது. அதனால சப்ரெஸர் போட்டும் காதில் இயர்மஃப் போட்டுக்கிட்டுதான் சுடுறாங்க.

இந்தியாவில்? 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம், சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் `துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே வெச்சிருக்கு. `வெறும் குழாய்தானே' என்ற பேச்சு போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. ஆன்லைனில் `சோல்வன்ட் ட்ராப்' மாதிரி பேர்களில் ஏதாவது கண்ணில் பட்டா, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க.

அடுத்த மேட்ச்சில் சப்ரெஸர் கிடைச்சா தாராளமா மாட்டிக்கோங்க, அது கேம். ஆனா ஹெட்செட் வால்யூமை ரெண்டு புள்ளி குறைச்சுக்கோங்க. பெரிய மாக்ஸிமுக்குப் போன காது, கடைசி வரைக்கும் திரும்பி வரலை.