பிட்டும் பைட்டும்

பத்து இலக்கங்களைக் கொண்டு எண்ணுவது தசம முறை. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்டு எண்ணுவது இரும முறை. தசம எண்ணில் வலமிருந்து இடமாகப் போகப் போக இடமதிப்பு பத்து மடங்காகும். இரும எண்ணில் அது இரு மடங்குதான்: 1, 2, 4, 8, 16. ஆகவே 1101 என்ற இரும எண்ணில் ஓர் எட்டு, ஒரு நான்கு, ஓர் ஒன்று இருக்கின்றன, இரண்டு இல்லை. கூட்டினால் 13.

ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703-இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டபோது அதற்குப் பெரிய பயன் ஏதும் இல்லை. 1854-இல் ஜார்ஜ் பூல், உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளை வைத்துத் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். 1937-இல் கிளாட் ஷானன் அந்த இயற்கணிதத்தை மின்சுற்றுகளோடு இணைத்தார். அதுவும் ஒரு முதுகலை ஆய்வேட்டில்! சுவிட்ச் ஒன்று திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். 0, 1 என்று குறிக்க அது போதும். பத்து வெவ்வேறு மின்னழுத்த நிலைகளைப் பிழையின்றிப் பிரித்தறிவதைவிட இரண்டைப் பிரித்தறிவது கருவிக்கு எளிது.

இப்படிப்பட்ட ஒற்றை இலக்கம்தான் பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளைக் குறிக்கலாம்.

எழுத்துகளும் கணிப்பொறிக்கு எண்களே. ஆங்கில எழுத்துகளுக்காக அமெரிக்காவில் 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தருவது யூனிகோடு. பரவலாகப் புழங்கும் யூடிஎப்-8 வடிவத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகி 15 பைட் கொள்கிறது. பார்வைக்கு மூன்றெழுத்துதான்.

கிலோபைட்டில் ஒரு குழப்பம் உண்டு. கிலோ என்றால் ஆயிரம்; ஆனால் இரண்டின் அடுக்கில் ஆயிரத்துக்கு அருகில் இருப்பது 1,024. பென்டிரைவ் தயாரிப்பாளர்கள் ஆயிரமாகக் கணக்கிட, விண்டோஸ் 1,024-ஆகக் கணக்கிடுகிறது. 16 ஜிபி பென்டிரைவில் 14.9 ஜிபி மட்டும் தெரிவதற்கு இதுவே முதற்காரணம். கடைக்காரர் ஏமாற்றவில்லை.

எண்ணைக் குறிக்க ஒதுக்கிய பிட்டுகள் தீர்ந்துபோவதும் உண்டு. 32 பிட்டில் ஒன்றைக் குறை எண்களைக் காட்ட ஒதுக்கினால் 214,74,83,647 வரைதான் போகலாம். 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை 2014-இல் இந்த எல்லையை எட்டியதை ஒட்டி, யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளைக் கூட்டி 32 பிட்டில் காலம் கணிக்கும் பழைய கருவிகள் 2038 ஜனவரி 19 அன்று அதே எல்லையைத் தொடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை.