ஒளியால் அளந்த பேராலயம்

கல்லும் மரமும் கொண்டு மாந்தர் எழுப்பிய கட்டடங்களுள் சில, எழுப்பியவர் பெயர் மறைந்த பின்னரும் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கின்றன. எனினும் அவை அழியாதன அல்ல. தீயும் போரும் நிலநடுக்கமும் ஒரே நாளில் அவற்றைச் சிதைத்துவிடக்கூடும். சிதைந்த கட்டடத்தை முன்பிருந்தவாறே மீண்டும் அமைக்க வேண்டின், அது முன்னர் எவ்வாறு இருந்தது என்பதை ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். அத்தெளிவைத் தருவது அளவே ஆகும். ஒளியின் துணைகொண்டு கட்டடத்தை அளந்து, கணிப்பொறியில் அதன் முப்பரிமாண உருவத்தை அமைக்கும் முறை இக்காலத்தே நன்கு வளர்ந்துள்ளது. அதன் இயல்பினைப் பேராலயம் ஒன்றன் வரலாற்றின் வாயிலாக அறிவோம்.

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசில், சேன் ஆற்றின் நடுவே அமைந்த தீவில் நோத்ர தாம் பேராலயம் நிற்கின்றது. 1163ஆம் ஆண்டளவில் தொடங்கிய அதன் திருப்பணி, தலைமுறை பல கடந்து நடைபெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 128 மீட்டர். உள்ளே வளைந்த கற்கூரையும், அதற்கு மேல் ஓக் மரங்களாலான கூரைச் சட்டமும் இருந்தன. எண்ணற்ற உத்தரங்கள் நெருங்கி நின்றமையால் மக்கள் அதனைக் ‘காடு’ என்றே அழைத்து வந்தனர்.

அமெரிக்க நாட்டு வாசர் கல்லூரியில் கலை வரலாறு கற்பித்தவர் ஆண்ட்ரூ டாலன் என்னும் பேரறிஞர். பண்டைக் கட்டடக் கலைஞர் இத்துணைப் பெரிய ஆலயத்தை எங்ஙனம் கட்டினர் என்று அறிய அவர் விழைந்தார். ஏணியும் அளவு நாடாவும் எட்டாத உயரங்கள் அங்கே பல. ஆகவே அவர் 2010ஆம் ஆண்டளவில் லேசர் அளவுக்கருவியை நாடினார்.

அக்கருவி தொழிற்படும் முறை யாது? மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி கேட்கின்றது. அது விரைவில் வந்தால் மலை அண்மையிலும், தாழ்த்து வந்தால் சேய்மையிலும் உள்ளது என உணர்கிறோம். இக்கருவியோ ஒலிக்கு மாற்றாக ஒளியை அனுப்புகின்றது. சிதறாது செல்லும் லேசர் ஒளி சுவரில் பட்டு மீள்கின்றது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலின் 15 மீட்டர் தொலைவிலுள்ள தூணைத் தொட்டு மீள்வதற்கு, ஒரு நொடியைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறே போதும். அச்சிறு காலத்தையும் கருவி கணித்துத் தொலைவைக் கூறுகின்றது. ஒளி சென்ற திசையும் அதற்குத் தெரியும். திசையும் தொலைவும் தெரிந்தால் ஒரு புள்ளியின் இடம் தெரிந்துவிடும் அன்றோ? கருவி சுழன்று சுழன்று இவ்வாறு பல இலட்சம் புள்ளிகளைத் திரட்டுகின்றது.

ஆயினும், ஓரிடத்தில் நின்று நோக்குவோர்க்குத் தூணின் முன்புறம் தெரியுமேயன்றிப் பின்புறம் தெரியாது. கருவிக்கும் அஃதே குறை. எனவே டாலன், ஆலயத்தின் உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தொகுத்தார். இரண்டு இடங்களில் எடுத்த அளவுகளிலும் பொதுவாகக் காணப்படும் குறிகளைக் கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவர். ஒரே கோட்டில் அமையாத மூன்று குறிகளேனும் இதற்கு வேண்டும். இங்ஙனம் பொருந்திய புள்ளிகள் கூடிப் பனித்திரளில் எழுதிய ஓவியம் போல் கட்டடத்தின் வடிவைக் காட்டும். பின்னர் அருகருகே உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் பரப்பு உண்டாகும். அதன்மேல் புகைப்படங்களின் நிறத்தைப் பொருத்தினால் முழு உருவம் தோன்றும்.

இவற்றையெல்லாம் கணிப்பொறியே செய்துவிடும் என்று எண்ணலாகாது. புள்ளி தான் இருக்கும் இடத்தைச் சொல்லுமேயன்றித் தான் இன்னதென்று சொல்லாது. அது தூணைச் சார்ந்ததா, தூணருகே நின்ற சாரத்தைச் சார்ந்ததா என்று தெளிவது அறிஞர் கடமை. டாலன் தம் அளவுகளை ஆராய்ந்து, ஆலயத்தின் மேற்குப் பகுதியில் தூண்கள் நேர்வரிசையில் அமையாமையைக் கண்டார். அங்கே முன்பே நின்ற கட்டடங்களை விலக்காமல், அவற்றை ஒட்டியே கட்டியமையால் இது நேர்ந்திருக்க வேண்டும் என்று கருதினார்.

டாலன் 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காலமானார். ஐந்து திங்கள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாலையில் பேராலயத்தின் கூரையில் தீப்பற்றியது. ‘காடு’ முழுதும் எரிந்தது. உயர்ந்த கூர்ங்கோபுரம் முறிந்து வீழ்ந்தது. கற்கூரையிலும் சில பகுதிகள் இடிந்தன. சுவர்களும் முகப்பின் இரு கோபுரங்களும் நிலைத்து நின்றன.

கண்ணீர் வடித்தோர் பலர். ஆயினும் சீரமைக்க முற்பட்டோர் வெறுங்கையினராய் நிற்கவில்லை. டாலன் விட்டுச்சென்ற அளவுகள் இருந்தன. 2014ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர் இருவர் மரக்கூரையை நுணுகி அளந்து வரைந்த படங்களும் இருந்தன. தீக்குப் பின்னர் மீண்டும் லேசரால் அளந்து, முன்னைய அளவுகளோடு ஒப்பிட்டுச் சிதைவை அறிந்தனர். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. தச்சர்கள் பண்டை முறைப்படி கோடரியாலேயே உத்தரங்களைச் செதுக்கினர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பேராலயத்தின் கதவுகள் மீண்டும் திறந்தன.

கணிப்பொறி உருவம் ஒரு கல்லையும் தூக்கி வைக்கவில்லை. கல் தச்சனும் மரத் தச்சனுமே ஆலயத்தை எழுப்பினர். எனினும், எங்கே எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதை அளவு உரைத்தது. தீக்குப் பின் எத்துணைப் பொருள் கொடுத்தாலும், எரிந்துபோன கூரையை அளக்க இயலாது. அது நின்றபோது அளந்தமையாலேயே பயன் விளைந்தது. டாலன் பேரிடரை எதிர்நோக்கி அளக்கவில்லை. அறியும் வேட்கையால் அளந்தார். அவ்வுழைப்பு அவர் மறைந்த பின்னர் உலகிற்குப் பயன்பட்டது. மாணவர்களே! நம் கண்முன் நிற்பவை என்றும் நிற்கும் என்று எண்ணி வாளா இருத்தல் தகாது. அவை நிற்கும்போதே அவற்றை நுணுகி நோக்கிப் பதிந்து வைத்தல், பின்வருவோர்க்கு நாம் செய்யும் கடமையாகும்.