காதில்லாத பூனை

கல்யாணமான புதிதில் மேஜை விரிப்பு, கதவுத் தோரணம் என்று குரோஷேயில் பின்னித் தள்ளியவள் நான். பரணில் போட்ட ஊசியை மறுபடி எடுக்க வைத்தவள் என் ஐந்து வயதுப் பேத்தி. டோரேமான் பொம்மை வேண்டுமாம். செம்பூரில் பிறந்தவள், கார்ட்டூன் பார்ப்பது இந்தியில். நான் தமிழில் கேட்டால் பதிலும் இந்தியில்தான்.

இப்படிப் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைக்கு ஜப்பானில் அமிகுருமி என்று பெயர். நூல் வளையத்துக்குள் 6 பின்னல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறாக ஏற்றினால் தட்டாக விரியும். ஏற்றாமல் பின்னினால் கிண்ணமாக எழும்பும், குறைத்தால் வாய் மூடும். மூடுமுன் பஞ்சை அடைத்துவிட வேண்டும். வழக்கத்தைவிடச் சிறிய ஊசியே நல்லது. இல்லாவிட்டால் இடுக்கில் பஞ்சு எட்டிப் பார்க்கும். கைக்குழந்தை இருக்கும் வீடானால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், நூலால் தைத்துவிடுங்கள்.

பூனையாயிற்றே என்று நான் இரண்டு காது வைத்தேன். "பாட்டி, இஸ்கே கான் நஹீ ஹோத்தே!" என்று தூக்கி எறிந்துவிட்டாள். இயந்திர எலி கடித்துக் காது போன கதை எனக்கெங்கே தெரியும்? தலையை முழுக்கப் பிரித்தேன்.

மறுபடி பின்னும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தமிழில் எண்ண, கூடவே எண்ணினாள். பதினெட்டு வரை தடங்கலில்லை. பத்தொன்பதை மட்டும் இன்னும் தாண்டிக் குதிக்கிறாள்.

அடுத்து நோபிதா வேண்டுமாம். மூக்குக்கண்ணாடிக்குக் கறுப்பு நூலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறேன்.