ஏலத்தில் மாடு பிடிப்பது

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் சந்நிதிக் கோபுரம் கண் முன்னே வரும். அடுத்தபடியாகப் பால்கோவா நாவிலே வந்து நிற்கும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தின் மூலாதாரம் கடைவீதி அடுப்பில் இல்லை. மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலைச் சுற்றிலும், ராஜபாளையம் வரையிலுள்ள சிற்றூர்களிலும், ஒரு மாடோ இரண்டு மாடோ கட்டி வைத்துக் காலையும் மாலையும் பால் ஊற்றும் குடும்பங்களின் தொழுவத்தில் இருக்கிறது. அத்தகைய குடும்பத்தில் ஒரு கறவை வற்றிவிட்டால் வீட்டு வரும்படியே வற்றிவிடும். நல்ல கறவை மாட்டின் விலையோ இன்று பல பதினாயிரம் ரூபாய். சேமிப்பெல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மாடு பிடிக்கச் சந்தைக்குப் போவது நெடுங்கால வழக்கம். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தை, மணப்பாறை, பொள்ளாச்சி இவற்றின் பெயரைக் கேளாத சம்சாரி தமிழ் நாட்டில் அரிது. அங்கே விலை பேசுகிறவர் தரகர். துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடித்து அவர் நடத்தும் பேச்சு, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. சில வேளைகளில் மாட்டுக்காரனுக்கே முழுதும் தெரியாது. இந்த இருட்டு வியாபாரத்தில் வெறுப்புக் கொண்டவர்கள் ஏலத்தை நாடுவது இயல்பே. சர்க்கார் கால்நடைப் பண்ணைகள் மிகுதியான உருப்படிகளை ஏலம் விடுகின்றன. காணிக்கையாக வந்த மாடுகளைச் சில கோயில்களும், தெருவில் திரிந்து பிடிபட்டவற்றை நகராட்சிகளும் ஏலம் விடுவதுண்டு. 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, கொண்டித் தொழுவில் அடைபட்டு உடையவர் வராத மாடுகளுக்கும் கடைசியில் ஏலமே கதி.

ஏலத்தில் தரகு கிடையாது. கேட்கும் தொகை எல்லோர் காதிலும் விழுகிறது. இது பெரிய அனுகூலம். ஆனால் துண்டு வியாபாரத்தில் மறைந்திருந்தது விலை மாத்திரமே. மாட்டைக் கறந்து பார்க்கலாம், நடத்திப் பார்க்கலாம், மறுநாள் காலையில் வந்து மீண்டும் கறக்கலாம். ஏலக்களத்திலோ விலை வெட்டவெளியில் நிற்க, மாடு மறைந்துவிடுகிறது. சில நிமிஷங்களில் தீர்ந்துபோகும் காரியத்தில் யார் மடியைத் தொட்டுப் பார்ப்பது?

மறைக்கும் வித்தைகளோ பல. முதல் நாள் மாலையிலிருந்து கறக்காமல் விட்டால் சாதாரண மடியும் குடம்போல் பருத்துத் தோன்றும். மடி பருமனைக் கண்டு மயங்குகிறவர், நான்கு காம்பிலும் பால் பீய்ச்சிப் பார்க்கவேண்டும். ஒரு காம்பில் திரிதிரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய் என்று அறியலாம். வேறொரு பசுவின் இளங்கன்றைப் பக்கத்தில் கட்டி, ஈன்று பல மாதமான பசுவை நேற்று ஈன்றதாகக் காட்டுவோரும் உண்டு. கன்றை அவிழ்த்துவிட்டால் தாய் நக்குகிறதா, உதைக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கொம்பில் ஈற்றுக்கு ஒரு வளையமாக விழும் என்பதால், வயதைக் குறைக்கக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவார்கள். பல்லைச் சீவி ஏமாற்றுவது அத்தனை எளிதன்று. இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை வயது. எட்டுப் பல்லும் சேர்ந்திருந்தால் ஐந்தை ஒட்டிய வயது. அதற்கு மேல் தேய்மானத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

நம்மவர்கள் இவற்றையெல்லாம் விட்டுச் சுழி பார்ப்பதில் நேரம் போக்குகிறார்கள். லட்சுமி சுழி, விலங்குச் சுழி என்று மயிர்ச் சுழிக்கும் பாலுக்கும் முடிச்சுப் போடுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆயினும் சுழி சரியில்லை என்று பலர் ஒதுங்குவதால் நல்ல மாடு மலிவாகப் போவதுண்டு; அதை ஏன் விடவேண்டும்?

குறையுள்ள மாட்டை எடுத்துவிட்டுச் சட்டத்தை நம்பலாமா? 1878இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை விசாரித்த வழக்கு ஒன்று உண்டு. வார்டு என்பவர் ஹாப்ஸ் என்பவரிடமிருந்து, ‘எல்லாக் குறைகளோடும்’ என்ற நிபந்தனையின் பேரில், சந்தையில் பன்றிகளை வாங்கினார். அவை தொற்றுநோய் கண்டவை. அவருடைய மற்றப் பன்றிகளுக்கும் நோய் பற்றியது. ஆயினும் விற்றவர்மேல் பொறுப்பு இல்லை என்றே தீர்ப்பாயிற்று. நம் ஏல அறிவிப்புகளில் ‘உள்ளது உள்ளபடி’ என்று காணும் சொற்களை இந்தக் கண்ணோடு படிக்கவேண்டும். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு மாத்திரம் கொஞ்சம் துணை செய்யும்: ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரையில் கேட்ட தொகையை வாபஸ் பெறலாம், விற்பவரே பொய்யாள் வைத்து விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விற்பனையை ரத்துச் செய்யலாம். பொய்யாளை நிரூபிப்பது வேறு விஷயம்.

ஏமாற்றுவார் இல்லாத ஏலத்திலும் ஒரு கண்ணி உண்டு. இருபது பேர் ஒரு மாட்டை மதிப்பிட்டால், அளவுக்கு மீறி மதித்தவனிடமே அது போய்ச் சேரும். ஆகவே முந்திய இரவே ஒரு தொகையை நிச்சயித்து, வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவது உத்தமம். சபையில் எழும் ரோஷத்துக்கு அதுவே மருந்து.

பண நஷ்டத்தைவிடக் கொடியது நோய். நூற்றாண்டுக் கணக்கில் நம் மந்தைகளை அழித்த வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்தது. கோமாரி ஒழியவில்லை. 2001இல் பிரிட்டனில் அந்நோய் சந்தைகளின் வழியே பரவி, அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொல்லும்படி ஆயிற்று. 2013இல் தமிழ் நாட்டிலும் அது கடுமையாகப் பரவியது. நோய் உட்புகுந்து வெளிப்பட இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம். களத்தில் கொழுகொழுவென்று நின்ற மாடு, வீடு வந்த பத்தாம் நாள் வாயில் நுரை தள்ளுவது இதனாலேயே. கருச்சிதைவு நோய் இன்னும் மோசம். கண்ணுக்கு அடையாளமே இராது. காய்ச்சாத பாலின் வழியாகவும், நஞ்சுக்கொடியைத் தொடும் கையின் வழியாகவும் மனிதருக்கும் பரவும். பரிசோதனையாலன்றி அதை அறிய வழியில்லை.

இத்தனை சொல்லியும், ஏலத்துக்குப் போகவே கூடாது என்பது என் கருத்தன்று. சர்க்கார் பண்ணை ஏலத்தில் கிடேரி எடுப்பதை நான் ஆதரிப்பேன். தாயின் கறவைக் கணக்கும் தடுப்பூசிக் கணக்கும் அங்கே ஏட்டில் இருக்கும். குறையை மறைத்துச் சொந்த லாபம் பெறுவார் அங்கே இல்லை. எதற்காகக் கழிக்கிறார்கள் என்று கேட்டால் பதிலும் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் தீவனம் இல்லாமல் விலை இறங்கும் காலத்தில், வீட்டில் வைக்கோற்போர் உள்ளவனுக்கு நல்ல ஆதாயம். கறவையில் இருக்கும் பசுவை மட்டும் ஏலத்தில் எடுக்காமல், தெரிந்தவர் தொழுவத்தில் மூன்று வேளை கறந்து பார்த்து வாங்குவதே மேல்.

மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு இருந்தால், அந்த எண்ணை ரசீதிலும் எழுதி வாங்கவேண்டும். கால்நடை மருத்துவமனையில் அதைக் கொண்டு தடுப்பூசி, சினை விவரங்களைப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் பழைய மாட்டோடு சேர்த்துக் கட்டாமல், மூன்று வாரம் தனிக் கொட்டில், தனித் தொட்டி. புது மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மற்ற மாட்டின் பக்கம் போகவேண்டும்.